சேர்க்கை சரியில்லை

கேள்வி: பட்டிப்பொல ஸ்டேசனில் இருந்து ஹோர்டன் சமவெளிக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் இங்கிலீசு ஓரளவு பேசுவேன். போன மாதம் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் 'ஐ சஜஸ்ட் யூ டு கோ ஏர்லி, ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் யூ' என்றேன். அவருக்கு விளங்கியது, ஆனால் லேசாகச் சிரித்தார். கூட வந்திருந்த என் மகள், 'அப்பா, அது பிழை' என்றாள். எது பிழை என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. எல்லாச் சொல்லும் சரியாகத்தானே இருக்கு சேர்?

பதில்: சொல்லெல்லாம் சரி. சேர்க்கைதான் சரியில்லை. ஊரில் ஒரு பிள்ளை வழி மாறினால் 'பையன் நல்லவன்தான், சேர்க்கை சரியில்ல' என்போம் இல்லையா? ஆங்கில வினைச்சொல்லும் அப்படித்தான். தனக்குப் பின்னால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஒவ்வொரு வினையும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அர்த்தத்தைப் படித்தோம், அந்தக் கணக்கைப் படிக்கவில்லை.

'டெல்' ஆளை நேராகச் சேர்த்துக்கொள்ளும்: 'ஐ வில் டெல் யூ.' 'எக்ஸ்ப்ளெய்ன்' சேர்க்காது. அதற்கு விளக்கப்படும் விஷயம்தான் முதலில் வேண்டும். ஆள் வர வேண்டுமானால் நடுவில் ஒரு 'டு' நிற்க வேண்டும்: 'ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் இட் டு யூ.' 'சஜஸ்ட்' இன்னும் கொஞ்சம் பிகு பண்ணும். 'ஐ சஜஸ்ட் கோயிங் ஏர்லி' என்றால் வரும், 'ஐ சஜஸ்ட் யூ கோ ஏர்லி' என்றாலும் வரும். 'யூ டு கோ' என்றால் வராது. அந்த அமைப்பு உங்கள் வாய்க்குப் பழகிவிட்டதென்றால் வினையை மாற்றிவிடுங்கள்: 'ஐ அட்வைஸ் யூ டு கோ ஏர்லி.' அது முழுக்கச் சரி. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் சமவெளியின் 'உலக முடிவு' (வேர்ல்ட்ஸ் எண்ட்) விளிம்பில் மூடுபனி ஏறிவிடுகிற இடத்தில் நீங்கள் சொன்ன யோசனையும் சரிதான்.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றால், உள்ளே தமிழ் ஓடுகிறது. 'உங்களுக்கு விளக்குறேன்', 'உங்களுக்குச் சொல்றேன்' இரண்டும் தமிழில் ஒரே வார்ப்பு. ஆங்கிலத்தில் இரண்டு வார்ப்பு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தமிழ் பழகும் வெள்ளைக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? 'நான் தெரியும்' என்பார். 'அறிவேன்' என்றால் 'நான்' வரும், 'தெரியும்' என்றால் 'எனக்கு' வரும். பொருள் ஒன்று, சேர்க்கை வேறு. நம் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைகூட இதில் பிழை விடாது; எவரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

ஒரு பழைய கதை. தோட்டங்களுக்கு வந்த சின்னத்துரைமார் தமிழ் படிக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கையேடு அச்சிட்டார்கள். அதன் பெயரே 'இங்கே வா'. பெயரிலேயே இலக்கணம் இருக்கிறது. வா, போ, எடு, வெட்டு என்று ஏவுகிறவருக்குச் சேர்க்கை அவ்வளவாகத் தேவைப்படாது. பெரட்டுக்களத்தில் நின்று சத்தம் போட அது போதும். எதிரில் இருப்பவரிடம் யோசனை சொல்ல, விளக்க, கேட்டுக்கொள்ள வேண்டும் என்றால்தான் வினைக்குப் பின்னால் யார் வருவது என்ற சிக்கலே தொடங்கும். உங்கள் வேனில் நடப்பது அந்த இரண்டாவது வகை. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். சில வினைகளுக்குப் பின் 'டு' வருகிறது, சிலவற்றுக்கு 'இங்' வருகிறது. இரண்டும் வரும் வினைகள்தான் குழப்புகின்றன. 'ஃபர்கெட்', 'ஸ்டாப்' இரண்டையும் விளக்குங்கள்.

பதில்: 'ஃபர்கெட்' உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில். 'கதவப் பூட்ட மறந்துட்டேன்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது. 'கதவப் பூட்டினத மறந்துட்டேன்' என்றால் கதவு பூட்டித்தான் இருக்கிறது, பூட்டிய நினைவுதான் இல்லை. முதலாவது 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்.' இரண்டாவது 'ஐ ஃபர்காட் லாக்கிங் த டோர்.' செய்ய வேண்டியதைப் பார்க்கிறது 'டு'. செய்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறது 'இங்'. 'ரிமெம்பர்' என்பதற்கும் இதே கணக்கு. பரீட்சையில் சந்தேகம் வந்தால் வாக்கியத்தை வீட்டுத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'பூட்ட' வருகிறதா, 'பூட்டினத' வருகிறதா? விடை அங்கேயே இருக்கும்.

'ஸ்டாப்' கொஞ்சம் வேறு. தமிழில் 'நில்' ஒரு வினை, 'நிறுத்து' இன்னொரு வினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஸ்டாப்' ஒன்றுதான். பின்னால் வருவதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். 'ஷீ ஸ்டாப்ட் ப்ளக்கிங்' என்றால் கொழுந்து எடுப்பதை நிப்பாட்டிவிட்டாள். மழை வந்திருக்கலாம், கொழுந்து நிறுக்கும் நேரம் ஆகியிருக்கலாம். 'ஷீ ஸ்டாப்ட் டு ப்ளக்' என்றால் நடந்து போய்க்கொண்டிருந்தவள் கொழுந்து எடுக்க நின்றாள். ஒருத்தி வேலையை விடுகிறாள், ஒருத்தி தொடங்குகிறாள்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தின் கடைசியில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுவேன். 'மீட்டிங்' என்று வர வேண்டும் என்கிறார்கள். 'டு'வுக்குப் பின் 'இங்' எப்படி வரும்?

பதில்: ஆங்கிலத்தில் 'டு' இரண்டு பேர். ஒருவர் 'வாண்ட் டு கோ'வில் இருப்பவர், வினையோடு ஒட்டிக்கொண்டு வருபவர். இன்னொருவர் 'கோ டு ஹட்டன்' என்பதில் வருபவர். நம் 'க்கு' உருபு மாதிரி. இவருக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். வினை வந்தே தீர வேண்டும் என்றால் 'இங்' போட்டுப் பெயராக மாறி வர வேண்டும். யார் எவர் என்று அறிய, பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' பொருந்துகிறது. 'வாண்ட் டு த ஹாலிடே' பொருந்தவில்லை. ஆகவே 'மீட்டிங் யூ.'

இதே காரணத்தால்தான் 'ஐ யூஸ்ட் டு வாக்' வேறு, 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' வேறு. முதலாவது, முன்பெல்லாம் நடப்பேன், இப்போது இல்லை. இரண்டாவது, நடந்து நடந்து பழகிவிட்டது. ரயில் பாதை 6,226 அடி உயரத்துக்கு ஏறும் பட்டிப்பொல பக்கத்தில் மார்கழிக் குளிரைப் பற்றி யாராவது கேட்டால் 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொள்ளலாம்.

இரண்டு 'டு'வும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டால், சி.வி.வேலுப்பிள்ளையின் ஒரு நூற்பெயர் இருக்கிறது. 1947இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றம் போனவர். மலையக மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர். 1970இல் வந்த அவர் நூலின் பெயர் 'பார்ன் டு லேபர்'. 'லேபர்' வினையும் ஆகும், பெயரும் ஆகும். வினையாகக் கொண்டால் உழைக்கப் பிறந்தவர்கள். பெயராகக் கொண்டால் உழைப்புக்குள்ளேயே பிறந்து விழுந்தவர்கள். நான் பல ஆண்டுகள் முதல் பொருளில்தான் வாசித்தேன். இப்போது இரண்டாவதுதான் கனமாகப் படுகிறது.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். முறைப்பாட்டில் 'தே மேட் மீ டு வெயிட்' என்று எழுதினேன். மகன் 'டு'வை வெட்டிவிட்டான்.

பதில்: மகன் செய்தது சரி அம்மா: 'தே மேட் மீ வெயிட்.' 'லெட்' என்பதற்கும் இதே விதி. ஆனால் 'நான் காக்க வைக்கப்பட்டேன்' என்று திருப்பி எழுதினால் வெட்டிய 'டு' மறுபடி வந்து உட்காரும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்.' ஏனென்று கேட்காதீர்கள், ஆங்கிலம் அப்படி. ஒரு விஷயம்: 'தே' யார், எந்த மேசை, எந்தத் தேதி என்று எழுதாவிட்டால் இலக்கணம் சரியாக இருந்தும் கடிதம் குப்பைக்குத்தான் போகும்.

கேள்வி: எந்த வினைக்கு எந்தச் சேர்க்கை என்று விதி ஏதும் இல்லையா?

பதில்: அரைகுறை விதி ஒன்று உண்டு. 'கிவ்', 'டெல்', 'ஷோ', 'செண்ட்' போன்ற குட்டையான பழைய ஆங்கில வினைகள் 'மீ'யை நேராகச் சேர்க்கும். லத்தீன், பிரெஞ்சு வழி வந்த 'எக்ஸ்ப்ளெய்ன்', 'சஜஸ்ட்', 'டிஸ்க்ரைப்' போன்ற நீளமானவை பெரும்பாலும் சேர்க்காது. 'ஆஃபர்', 'ப்ராமிஸ்' இதற்குள் அடங்காது.

இந்தத் தொல்லையை முறையாகத் தீர்க்கப் பார்த்தவர் ஏ.எஸ்.ஹோர்ன்பி. 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். அங்குள்ள மாணவர்களும் நம்மைப் போலவே அர்த்தம் தெரிந்தும் வாக்கியத்தில் சறுக்குவதைப் பார்த்து, வினைகளை 25 வார்ப்புகளாகப் பிரித்து, அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் வார்ப்பு எண் போட்டார். 1942இல் தோக்கியோவில் வந்த அந்த அகராதிதான் பிறகு ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியாக வளர்ந்தது. வீட்டில் ஆக்ஸ்போர்டு அகராதி இருந்தால் அர்த்தத்தோடு நிறுத்தாமல் கீழே இருக்கும் உதாரண வாக்கியத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 'சஜஸ்ட்: ஆலோசனை கூறு' என்று எழுதிய கொப்பியால்தான் இவ்வளவு வினையும்.

கேள்வி: 'டிஸ்கஸ் அபவுட்' சரியா?

பதில்: இல்லை. 'பற்றி' உள்ளேயே இருக்கிறது. 'டிஸ்கஸ் த சேலரி', அவ்வளவுதான்.

கேள்வி: 'ஆஃப் த லைட்' என்றால் சிரிக்கிறார்களே?

பதில்: சிரிப்பவர் இலங்கையர் என்றால் கவலைப்பட வேண்டாம், அவர் வீட்டிலும் அதுதான். மைக்கேல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே தனி அகராதி போடும் அளவுக்கு இங்கே அதற்கு ஒரு தனி வழக்கு இருக்கிறது. பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். பரீட்சையில் 'ஸ்விட்ச் ஆஃப் த லைட்' என்று எழுதுங்கள். விடைத்தாள் திருத்துகிற சேரும் வீட்டில் 'ஆஃப் த லைட்' என்றுதான் பிள்ளைகளிடம் சத்தம் போடுவார். தாளில் கண்டால் மட்டும் சிவப்புப் பேனாவை எடுப்பார்.