சத்தம் வருது, படம் எங்கே?

டிவி ஒரு கம்பெனி. செட்டாப் பாக்ஸ் கேபிள்காரர் கொடுத்தது. ஸ்பீக்கர் செட் தீபாவளித் தள்ளுபடியில் வந்தது. ஃபயர் ஸ்டிக் மகன் வாங்கிச் செருகியது. நான்கும் ஒரே அலமாரியில் உட்கார்ந்து ஒத்துப்போக வேண்டும். ஒருநாள் ஒத்துப்போகாது, திரையில் 'நோ சிக்னல்' என்று மிதக்கும். உடனே 'பேனல் போயிருக்கும் சார்' என்று சொல்ல ஒருவர் எப்படியும் கிடைத்துவிடுவார். அவரை நம்புவதற்கு முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள். இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பாலும் எந்தப் பொருளும் கெட்டிருப்பதில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் இணைப்பில்தான் ஏதோ ஒன்று தடுக்கிக்கொண்டிருக்கும்.

1. முதலில் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டன். டிவியின் பின்னால் கேபிள் செருகியிருக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் எச்டிஎம்ஐ 1, 2, 3 என்று அச்சிட்டிருக்கும். அதே எண்ணைத் திரையில் தேர்ந்தெடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் விஷயம் இத்துடனேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம்.

2. இன்புட் சரியாக இருந்தும் படம் இல்லையென்றால், இடையில் உள்ள பெட்டிகளைக் கழற்றி வழியைக் குறுக்குங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு ஒரு கேபிள், அங்கிருந்து டிவிக்கு இன்னொன்று என்று போகிறதா? ரிசீவரை விட்டுவிட்டு, பாக்ஸை நேராக டிவியில் செருகுங்கள். படம் வந்துவிட்டால் பாக்ஸ், டிவி, அந்தக் கேபிள் மூன்றும் நல்லவை. குற்றவாளி ரிசீவர் அல்லது மிச்சமுள்ள கேபிள். வரவில்லை என்றால் கேபிளை மட்டும் மாற்றுங்கள். பிறகு டிவியின் போர்ட்டை மட்டும். பிறகு பாக்ஸுக்குப் பதில் வேறு ஏதாவது ஒன்றை, பக்கத்து அறையில் இருக்கும் டிவிடி பிளேயரோ லேப்டாப்போ போதும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அவசரத்தில் கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால் படம் வரலாம், ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது; அடுத்த வாரம் மறுபடி போகும். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. ரிமோட்டில் அணைப்பது அணைப்பு அல்ல. சிவப்பு விளக்கு எரிகிறவரை பெட்டி அரைத் தூக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சுவரில் உள்ள சுவிட்சில் அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு முதலில் டிவி, அது முழுதாக வந்தபின் ரிசீவர், கடைசியில் பாக்ஸ் என்ற வரிசையில் போடுங்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எச்டிஎம்ஐ செருகியில் 19 பின்கள் இருக்கின்றன. எல்லாமே படத்தைச் சுமப்பதில்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று டிவி தெரிவிக்க ஒரு பின்; டிவியால் எந்த அளவுப் படத்தை, எந்த வகை ஒலியை ஏற்க முடியும் என்ற விவரத்தை பாக்ஸ் படித்துக்கொள்ள இரண்டு பின்கள். இந்த விசாரிப்பு முடிந்த பிறகுதான் படம் கிளம்பும். மின்சாரம் போய்ப் போய் வந்த நாளில் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு விசாரிப்பு பாதியில் அறுந்துவிடும். வரிசைப்படி போட்டால் புதிதாகத் தொடங்கும். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று கஸ்டமர் கேரில் சொல்வதைக் கேட்டு எரிச்சல்படுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி.

4. டிவியைச் சுவரில் மாட்டியிருந்தால் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐ செருகியில் ஸ்க்ரூவோ கொக்கியோ கிடையாது, உராய்வில்தான் நிற்கிறது. கனமான கேபிள் தன் எடையாலேயே மெல்ல நழுவும். சுவரில் மோதி மடங்கியிருந்தால் உள்ளே உள்ள பின்னும் வளையும். 'எல்' வடிவ அடாப்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மேல்பக்கம் திரும்புவது, கீழ்ப்பக்கம் திரும்புவது என்று இரண்டு வகை உண்டு, பார்த்து வாங்குங்கள். கேபிளை ஒரு டேக் போட்டு ஸ்டாண்டோடு கட்டிவிட்டால் பாரம் போர்ட்டில் விழாது.

5. படம் வருகிறது, ஆனால் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுக்கின்றன. அல்லது சில நொடிகளுக்கு ஒருமுறை திரை கறுத்துத் திரும்புகிறது. இது கேபிளின் வேலை. சாதாரண எச்டி படத்துக்குத் தாக்குப்பிடித்த பழைய கேபிள், 4கே வந்ததும் திணறும். கடையில் '2.0 கேபிள்', '2.1 கேபிள்' என்று சொல்லி விற்பார்கள். கேபிளின் தரத்துக்கு உண்மையான அடையாளம் எண் அல்ல, வகை: 4கே 60 ஃப்ரேமுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு' (நொடிக்கு 18 ஜிகாபிட்), 4கே 120 ஃப்ரேம் கேம்களுக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' (48 ஜிகாபிட்). சோதித்துச் சான்று பெற்றவற்றின் அட்டையில், மொபைலில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை ஒட்டியிருக்கும்.

தங்க முலாம், துணி உறை, ஆயிரக்கணக்கில் விலை இவற்றால் படம் அழகாகாது. வருவது டிஜிட்டல் சிக்னல். சரியாக வந்தால் ஐந்நூறு ரூபாய்க் கேபிளிலும் ஐயாயிரம் ரூபாய்க் கேபிளிலும் ஒரே படம்தான். நீளம்தான் பிரச்சினை. இரண்டு மீட்டருக்குள் நல்ல கேபிள் எதுவும் போதும். புரொஜெக்டருக்குப் பத்து மீட்டர் இழுப்பதாக இருந்தால் ஃபைபர் ஆப்டிக் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்பிளே' என்று போட்டிருக்கும். திருப்பிச் செருகினால் படமே வராது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கேபிளைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடாதீர்கள். அகலமான பைப் போட்டு அதற்குள் விடுங்கள். செருகியின் தலை நுழையும் அகலம் வேண்டும்.

6. மெனு தெரிகிறது, பட்டியல் தெரிகிறது, படத்தைத் தட்டினால் மட்டும் திரை கறுப்பு. சில சமயம் சத்தம் மட்டும் கேட்கும். இது எச்டிசிபி எனப்படும் திருட்டுப் பிரதித் தடுப்புப் பூட்டு. ஓடிடி தளங்களின் 4கே படங்களுக்கு இதன் 2.2 பதிப்பு வேண்டும். டிவியில் இருந்தால் மட்டும் போதாது. நடுவில் நிற்கும் ரிசீவர், ஸ்பிளிட்டர், சுவிட்சர் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். பழைய ரிசீவர் ஒன்று நடுவில் இருந்தால் அங்கேயே வழி மறிக்கப்படும். அதற்காக நன்றாகப் பாடும் ரிசீவரை எடைக்குப் போட வேண்டாம். ஃபயர் ஸ்டிக்கை நேராக டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்கு அனுப்பலாம். எப்படி என்பது அடுத்த குறிப்பில்.

7. டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் ஒன்றில் மட்டும் 'ஏஆர்சி' அல்லது 'இ-ஏஆர்சி' என்று எழுதியிருக்கும். எச்டிஎம்ஐயில் டிவியின் சத்தம் திரும்பி வெளியே போகும் வழி அது ஒன்றுதான். சவுண்ட்பாரையோ ரிசீவரையோ வேறு போர்ட்டில் செருகிவிட்டு ஊமையாக உட்கார்ந்திருக்கும் வீடுகள் நிறைய. ஸ்பீக்கர் பக்கமும் 'எச்டிஎம்ஐ அவுட்' என்ற ஓட்டையில்தான் செருக வேண்டும், 'இன்' என்பதில் அல்ல. பெட்டிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசியும் டிவி செட்டிங்கில் இயங்க வேண்டும். கம்பெனிக்கொரு பெயர் இதற்கு: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

இந்த சிஇசி செய்யும் குறும்பும் உண்டு. செட்டாப் பாக்ஸில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது டிவி தானாக வேறு இன்புட்டுக்குத் தாவுகிறதா, பாக்ஸை அணைத்தால் டிவியும் சேர்ந்து அணைகிறதா? பேய் இல்லை, சிஇசி. எந்தப் பெட்டி தொல்லை தருகிறதோ அதன் மெனுவில் மட்டும் இதை நிறுத்துங்கள். ஏஆர்சி எதற்கும் மசியவில்லை என்றால் ஆப்டிகல் ஒயர் போடுங்கள்; 5.1 டால்பி ஒலி தாராளமாக வரும்.

8. யாரோ பாக்ஸின் ரெசொல்யூஷனை 4கே என்று மாற்றிவிட்டார்கள், டிவியோ பழைய 720பி. திரை கறுப்பு, திருப்பி மாற்ற மெனுவும் தெரியாது. ஃபயர் ஸ்டிக் என்றால் ரிமோட்டில் மேல் அம்பையும் ரிவைண்டையும் சேர்த்து ஐந்து நொடி அழுத்துங்கள். ஒவ்வொரு அளவாகக் காட்டிக்கொண்டு வரும், படம் தெரியும்போது ஓகே கொடுங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 என்றால் முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். சேஃப் மோடில் திறக்கும். கன்ட்ரோலரை ஒயரில் இணைத்து ரெசொல்யூஷனை மாற்றலாம். செட்டாப் பாக்ஸில், எச்டிஎம்ஐயைத் தொடாமல் மஞ்சள் ஒயரை டிவியின் ஏவி இன்புட்டில் செருகுங்கள். பல பாக்ஸ்களில் இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் வரும். அதில் மெனுவைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

9. புது 4கே டிவி, புது பாக்ஸ், புது கேபிள், ஆனாலும் 4கே 60 வரவில்லையா? பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டின் முழுத் திறனைச் செட்டிங்கில் போய் நாமே திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்', எல்ஜியில் 'டீப் கலர்'. திறந்த பிறகு பழைய டிவிடி பிளேயர் படம் காட்ட மறுத்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் பழையபடி மூடிவிடுங்கள்.

10. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வைத்திருப்பவர்களுக்கு. மஞ்சள் படம், சிவப்பும் வெள்ளையும் சத்தம். பச்சை, நீலம், சிவப்பு என்றால் அது காம்பொனென்ட். மூன்றும் படம், சத்தத்துக்கு வேறு இரண்டு. ஆக, டிவியின் பின்னால் இரண்டு சிவப்பு ஓட்டைகள் இருக்கும், குழம்பக் கூடாது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், மஞ்சள் ஒயர் பச்சையில் இருக்க, டிவியில் காம்பொனென்ட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளேயர் மெனுவில் என்டிஎஸ்சி என்றிருப்பதை 'பால்' என்று மாற்றுங்கள். நம் ஊர் முறை 'பால்'தான்.

பாக்ஸ் பக்கம் ஹெட்ஃபோன் முனை போல 3.5 மில்லிமீட்டர் செருகியும், டிவி பக்கம் மூன்று நிறங்களும் உள்ள ஒயரில் ஒரு சூட்சுமம். முனையில் எந்த வளையம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பாக்ஸின் ஒயரை இன்னொன்றில் போட்டால் படம் இல்லாமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று மட்டும் வரும். நிறத்தை மறந்துவிட்டு மஞ்சள் ஓட்டையில் மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில் படம் வந்துவிடும்.

11. கல்யாண வீடியோ கேசட்டை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு விசிஆரை ரிசீவரில் செருகுகிறோம். சத்தம் வருகிறது, படம் இல்லை. பல ரிசீவர்கள் மஞ்சள் ஒயரில் வரும் படத்தை எச்டிஎம்ஐயாக மாற்றித் தருவதில்லை. விசிஆரை நேராக டிவியில் கொடுங்கள். டிவியில் மஞ்சள் ஓட்டையே இல்லை என்றால் கன்வெர்ட்டர் வேண்டும். 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்று கேட்டு வாங்குங்கள். 'எச்டிஎம்ஐ டு ஏவி' என்ற இன்னொன்று அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும், ஆனால் நேர் எதிர் வேலை செய்யும். வாங்கியதற்கு 5 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும்.

12. ஃபயர் ஸ்டிக் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால் டிவியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்டு, கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் போடுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் குட்டி எக்ஸ்டெண்டரையும் பயன்படுத்துங்கள். சூடும் குறையும், வைஃபையும் நன்றாகக் கிடைக்கும்.

13. லேப்டாப்பை டிவியில் செருகியும் படம் வரவில்லை என்றால், விண்டோஸ் பட்டனுடன் 'பி' அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். டைப்-சி ஓட்டை இருக்கிறதே என்று அடாப்டர் வாங்கிவிட வேண்டாம். எல்லா டைப்-சியிலும் படம் வெளியே வராது. லேப்டாப் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விஜிஏ ஒயரில் சத்தம் வராது, அது கோளாறு அல்ல.

14. திரையில் பட்டை பட்டையாக ஏதோ மெதுவாக மேலே ஏறுகிறது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம். கேபிள்காரரின் ஒயரையோ மாடி டிஷ் ஒயரையோ பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் விவகாரம் எர்த்தில். டிவி, ரிசீவர், பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுப்பது பாதித் தீர்வு. கேபிள் முனையைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள், இது படத்தைவிடப் பெரிய விஷயம். அப்படிப்பட்ட வீட்டில் மின்சாரம் ஓடும்போதே எச்டிஎம்ஐயைச் செருகிப் பிடுங்கினால் போர்ட் எரிந்துபோகக்கூடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

15. ஐப்பசி மழையில் இடி தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்குகிறோம். மாடியிலிருந்து வரும் டிஷ் ஒயரை மறந்துவிடுகிறோம். பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் தாக்கம் அந்த ஒயர் வழியாக பாக்ஸுக்கும், எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் வந்துவிடும். ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. ஒயரையும் கழற்றுங்கள். ஏற்கெனவே அடி விழுந்து ஒரு போர்ட் போயிருந்தால், டிவியின் மெயின் போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன் மற்ற போர்ட்டுகளைச் சோதியுங்கள். ஒன்று வேலை செய்தாலும் பெரிய செலவு வேண்டாம்: பாக்ஸை ரிசீவரிலோ ஒரு சின்ன எச்டிஎம்ஐ சுவிட்சரிலோ கொடுத்து, மிஞ்சிய ஒரே போர்ட்டிலேயே அந்த டிவியை இன்னும் பல வருஷம் ஓட்டலாம்.