சீருடை கழற்றும் முன்பே சரிசெய்ய வேண்டியவை

அன்பு மருமகனுக்கு,

படையிலிருந்து ஓய்வு பெறும் வீரருக்கு உரியவை எல்லாம் ஒரே அலுவலகத்தில் கிடைப்பதில்லை. ஓய்வூதியத்தைப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக வழங்குகிறது. பணிப்பதிவேடு அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. மருத்துவத்துக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் உண்டு. பிள்ளைகளுக்கான சில கல்வி உதவிகளும் தொழில் கடன் மானியமும் மாநில அரசைச் சேர்ந்தவை. குடும்ப அட்டைக்கும் வாரிசுச் சான்றுக்கும் நம் பள்ளிப்பட்டு வட்டாட்சியர் அலுவலகம். ஒரு அலுவலகம் இன்னொன்றின் கோப்பைத் தானாகக் கேட்டு வாங்குவது அரிது. அந்த அலைச்சல் வீரர் தலையில் விழுகிறது. அவர் காலத்துக்குப் பின் மனைவியின் தலையில் விழுகிறது. நாட்டுக்கு உழைத்த குடும்பத்தை இப்படி அலையவிடுவது நியாயமில்லை. பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுவசதி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றைக் கவனிக்கும் உள்ளூர் அமைப்புகள் படையினர் குடும்பத்தின் நிலையைக் கருத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை வீரர் தன் காகிதங்களை ஒழுங்காக வைத்திருப்பதுதான் வழி.

முதலில் பெயர். பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களில் சிலருக்கு இனிஷியல் வீட்டுப்பெயரின் முதலெழுத்து. தமிழ்க் குடும்பங்களில் அது தகப்பன் பெயரின் முதலெழுத்து. படையில் சேரும்போது எழுத்தர் அதை விரித்து ஒரு விதமாக எழுதுவார், ஆதாரில் வேறு விதமாக இருக்கும், பான் அட்டையில் மூன்றாவது விதமாக இருக்கும். பணியில் இருக்கும்போது இது யாருக்கும் உறுத்தாது. மனைவி பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ‘லட்சுமி’ என்றும் ஆதாரில் ‘லட்சுமியம்மாள்’ என்றும் இருந்தால், குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் நாளில்தான் சிக்கல் தெரியும். திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கின்றனவா, எழுத்துப் பிழை உண்டா என்று யூனிட்டில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். அங்கே யூனிட் எழுத்தர் மூலம் முடியும் வேலை, ஓய்வுக்குப் பின் வெலிங்டனுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மாறி மாறிக் கடிதம் எழுதும் வேலையாகிவிடும்.

அடுத்தது திருவள்ளூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். டெல்லியில் கேந்திரிய சைனிக் போர்டு, அதன் கீழ் மாநில வாரியம், மாவட்ட வாரியம் என்ற அடுக்கில் கடைசிப் படி இது. மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் செலவை ஏற்கின்றன. அதனால் ரெக்கார்ட் ஆபீசுக்கும் எழுத முடியும், ஆட்சியரிடமும் பேச முடியும் என்ற நிலையில் உள்ள அலுவலகம் இது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இங்கே பதிந்து அடையாள அட்டை பெற வேண்டும். ஆட்சியர் தலைமையில் அவ்வப்போது முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டம் நடக்கும். வருவாய்த் துறை, காவல் துறை சார்ந்த மனுக்களைத் தனித்தனியே அலைந்து கொடுப்பதைவிட அந்தக் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவது மேல்.

வேலை வேண்டுவோர்க்கு 1986-இல் தொடங்கிய தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ இருக்கிறது. தொழில் தொடங்குவோர்க்கு 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. மானியம் தருவது அரசு, கடன் தருவது வங்கி என்பதால், வங்கி மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

நம் பள்ளிப்பட்டு போன்ற எல்லையோர ஊரில் கூடுதல் கவனம் தேவை. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தன. ஆனால் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றும் ஆந்திரத்தின் நகரி, சித்தூர் வரை தொடர்கின்றன. மாநில உதவிகள் பதிந்த மாநிலத்தோடு நின்றுவிடும். நகரியில் வீடு கட்டிக் குடியேறுபவர் பதிவையும் முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். இரு மாநிலத்திலும் உதவி கேட்க முடியாது. இ.சி.எச்.எஸ். அட்டைக்கு இந்த எல்லை கிடையாது. வேலூர் பாலிகிளினிக்கில் பதிந்தவர் ஆந்திரத்திலும் சிகிச்சை பெறலாம். அவசரத்தில் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். இல்லையேல் செலவுத்தொகை சிக்கலாகும். இந்த விதியை வீரர் மட்டும் தெரிந்து வைத்துப் பயனில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் படுக்கையில் இருப்பவர் அவர்தான்.

பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புக், கூட்டுக் கணக்குப் புத்தகம், இ.சி.எச்.எஸ். அட்டை ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்து, எந்தக் காகிதம் எந்த அலுவலகத்துக்கு என்று தாய்மொழியில் எழுதி மனைவியிடம் கொடுத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தரும்போது அவரையும் உடன் அழைத்துச் சென்றால் ஸ்பர்ஷ் நடைமுறை அவருக்கும் பழகும். வீரர் இறந்தால், இறப்புச் சான்றின் நகலோடு ஸ்பர்ஷ், ரெக்கார்ட் ஆபீஸ், திருவள்ளூர் நல அலுவலகம் ஆகிய மூன்றுக்கும் தெரிவிக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா
பள்ளிப்பட்டு