குட்டைமுடி முயலும் ஆஸ்துமாவும்

ரெக்ஸ் முயலின் முடி குட்டையானது. வெல்வெட் போன்று மென்மையானது. எனவே, ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது ஒவ்வாமை தராது எனப் பெற்றோர் சிலர் எங்களிடம் கூறுவதுண்டு. அது சரியன்று. ஒவ்வாமைக்குக் காரணம் முடியின் நீளமன்று. முயலின் உமிழ்நீர், சிறுநீர், தோல்செதில்களில் உள்ள புரதங்களே. தீவனமாக இடும் உலர்புல்லின் தூசியும் இளைப்பைத் தூண்டலாம்.

ஆகவே, வாங்குமுன் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். வளர்ப்பதாயின், முயலைப் படுக்கையறையில் விடாதீர்கள். கூண்டைப் பெரியவர்களே தூய்மை செய்யட்டும். ரெக்ஸின் பாதங்களில் முடி குறைவாதலால் கம்பித்தளத்தில் புண் உண்டாகும். மெத்தென்ற விரிப்பு இடுங்கள்.

முயல் 8 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இளைப்பு மிகுந்து இடையில் அதைப் பிரிய நேர்ந்தால் குழந்தையின் மனமும் நோகும். முன்பே தெளிவதே நன்று.