தசையுறை அழுகல் நோயும் உயிர் பிழைத்தலும்

கிருமிநோய்களுள் நாட்கணக்கில் முதிர்வன சில. மணிக்கணக்கில் முதிர்வன சில. பின்னைய வகையுட் கொடியது தசையுறை அழுகல் நோயாகும். இந்நோயுற்ற இருவருள் ஒருவர் பிழைக்க மற்றவர் இறப்பது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நோயின் இயல்பு

தோலின் கீழே கொழுப்புப் படையும், அதன் கீழே தசையைப் போர்த்தும் உறையும் உள. சிறு வெட்டுக்காயம், முட்குத்து, சத்திரசிகிச்சைப் புண் முதலியவற்றின் வழியாகப் புகும் பற்றீரியாக்கள் இவ்வுறையை அடுத்து விரைவிற் பரவுகின்றன. நுண்ணிய குருதிக்குழாய்கள் அடைபட, இழையங்கள் ஒட்சிசனின்றி மடிகின்றன. இதனின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, மேலே தோல் சிறிதே சிவந்திருக்கக் கீழே அழுகல் நெடுந்தூரஞ் சென்றிருக்கும். மற்றையது, குருதி செல்லாவிடத்து மருந்துஞ் செல்லாது. ஆதலின் மடிந்த இழையத்தை வெட்டி அகற்றுதலே தலையாய சிகிச்சையாகும்.

வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரிற் படை வைத்தியராயிருந்த யோசேப்பு யோன்சு என்பார், 2,642 பேருக்கு ஏற்பட்ட வைத்தியசாலை அழுகல் நோயைப் பற்றி 1871ஆம் ஆண்டில் எழுதினார். நூற்றுக்கு 46 பேர் வரை இறந்தனர். 1924இல் மெலனி என்னும் சத்திர வைத்தியர் பீக்கிங்கு நகரில் 20 நோயாளரைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். அவருள் இறந்தோர் ஐந்தில் ஒரு பங்கினரே. பெனிசிலின் வழக்கிற்கு வராத காலத்திலும் கத்தியின் துணையால் இத்துணைப் பேர் பிழைத்தமை சிந்திக்கற்பாலது. இன்று இந்நோய்க்கு வழங்கும் ஆங்கிலப் பெயரை 1952இல் இட்டவர் வில்சன் என்பார்.

உயிரைக் காக்குங் காரணங்கள்

முதலாவது காலம். 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த 65 நோயாளர் பற்றிய ஆய்விலே, பிழைத்தோர் வைத்தியசாலையிற் சேர்ந்து சராசரி 25 மணித்தியாலத்திற் சத்திரசிகிச்சை பெற்றனர். இறந்தோருக்கோ சராசரி 90 மணித்தியாலம் சென்றது. 2003இல் வெளிவந்த, சிங்கப்பூர் நோயாளர் 89 பேர் பற்றிய ஆய்வும், 24 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட தாமதம் மரணத்தைப் பெருக்கிற்று என நிறுவிற்று.

இரண்டாவது நோயாளியின் உடல்நிலை. முதுமை, நீரிழிவு, சிறுநீரக நோய், ஈரற் சுருக்கம் என்பன எதிர்ப்பாற்றலைக் குறைப்பன. சிங்கப்பூர் நோயாளருள் நூற்றுக்கு 70 பேர் நீரிழிவுடையர்.

மூன்றாவது கிருமியின் வகை. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் நஞ்சினால் உடல் முழுவதையுந் தளர்த்தும். குளொஸ்திரீடியம் தசையையே அழிக்கும். கடல்நீரில் வாழும் விப்ரியோ வகையொன்று ஈரல் நோயாளர்க்குப் பெருந்தீங்கு விளைக்கும்.

நான்காவது நோயின் பரப்பும் நோயாளி வந்து சேரும் நிலையும். அழுகல் உடம்பின் நடுப்பகுதிக்கு ஏறியிருத்தல், குருதியமுக்கம் வீழ்ந்திருத்தல், சிறுநீரகம் தளர்ந்திருத்தல் என்பன தீய குறிகள்.

இந்நான்கனுள் முதுமையையும் கிருமியின் வகையையும் நாம் மாற்றவியலாது. காலமொன்றே நம் கையில் உள்ளது. அது தவறின் நான்காவதும் உடன் தவறும்.

அறியும் வழி

சிங்கப்பூர் நோயாளர் 89 பேருள், சேர்க்கப்பட்ட வேளையில் நோய் அறியப்பட்டோர் 13 பேரே. ஏனையோர்க்குச் சாதாரண தோலழற்சி முதலியன என்றே கருதப்பட்டது. காயத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாத கடுநோவே முதற் குறியாகும். சிவப்பின் எல்லைக்கு அப்பாலும் வீக்கமும் நோவும் இருத்தல், காய்ச்சலும் நெஞ்சுத் துடிப்பும் மிகுதல் என்பன அடுத்தவை. கொப்புளமும் கருமையும் மரத்துப்போதலும் பிந்திய குறிகள். அவை தோன்றும் வரை காத்திருத்தல் ஆகாது. குருதிச் சோதனைகள் ஐயத்தை வலுப்படுத்தும். ஆயின் அவை நன்றாயிருப்பினும் நோயில்லையெனத் துணிதல் தகாது. ஐயமுளதேல் சிறிது வெட்டி உறையை நேரே பார்த்தறிதலே சிறந்தது.

நோய் துணியப்பட்டபின், பலவகைக் கிருமிகளையுங் கொல்லும் மருந்துகளோடு, நஞ்சு சுரத்தலைத் தடுக்குங் கிளிந்தாமைசினும் உடன் அளிக்கப்படும். ஒரு முறை வெட்டியதோடு அமையாது, மறுநாளும் காயத்தைத் திறந்து பார்த்து எஞ்சிய அழுகலை அகற்றுவர். இத்துணைச் சிகிச்சையிருந்தும் இக்காலத்திலும் ஏறக்குறைய நாலில் அல்லது ஐந்தில் ஒருவர் இறக்கின்றனர்.

ஆதலின், நீரிழிவுடையோர் தம் பாதங்களை நாடோறும் பார்த்தல் வேண்டும். சிறு காயத்தில் பெருநோவு தோன்றின் ஓரிரவு பொறுத்துப் பார்ப்போமென எண்ணாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். அவ்வோரிரவே உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரமாகலாம் என்பதை மாணவரும் பெரியோரும் உளங்கொள்வாராக.