ஏரிக்கரையில் நடக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் வேடந்தாங்கல் பறவை ஏரிக்குப் போகிறேன் என்றாய். நாற்பது கூதிர்காலம் அந்தக் கரையில் நடந்தவன் நான். பறவைகளின் பெயரைப் புத்தகம் சொல்லித்தரும். அங்கே எப்படிப் போய் நிற்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1. விருந்தாளியாகப் போ. சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான் அது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது மனம் பொறுக்காத ஊர்க்காரர்கள், 1798-இல் கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் கவுல், அதாவது உத்தரவு, வாங்கினார்கள். சட்டம் வரும் முன்பே காத்தது ஊர். பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடியைத் தவிர்க்கிற ஊர் அது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மனசோடு அங்கே போ.

2. ஓரிடத்தில் உட்கார். முதல் தடவை அரைமணி நேரத்தில் கரை முழுக்க நடந்துவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பினேன். மறுவாரம் கால் வலித்து உட்கார்ந்தேன். பட்டுப்போன கிளை என்று நான் நினைத்தது மெல்லக் கழுத்தை நீட்டியது. பாம்புத்தாரா! ஓடுகிற கண்ணுக்கு ஏரி எதையும் காட்டாது.

3. உன் ஆசைக்காக எதையும் எழுப்பாதே. ஒரு கார்த்திகையில், பறக்கும் கூட்டத்தைப் படம் பிடிக்கக் கை தட்டினேன். நாரைகள் எழுந்தன. ஆளில்லாத கூட்டிலிருந்து ஒரு காகம் முட்டையைத் தூக்கிப்போனது. படம் நன்றாகத்தான் வந்தது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

4. அவசரப்பட்டு இரங்காதே. நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார். மூடினாலும் நடுவே சந்து தெரியும். அடிபட்ட பறவை போலும் என்று பரிதாபப்பட்டேன். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் விழும் என்று பிறகு தெரிந்தது. நத்தை தின்று பிழைக்கும் பறவைக்கு வாய்த்த அலகு அது. மனிதர்களிடமும் நான் குறை என்று எண்ணிய பலவும் அப்படித்தான் இருந்தன.

5. மண்ணில் நிற்கிறவரிடம் கேள். எச்சம் படிந்து வெளுத்த நீர்க்கடம்பு இலைகளைக் கண்டு முகம் சுளித்தேன். பக்கத்தில் நின்ற விவசாயி, “அது கரைஞ்ச தண்ணிதான் தம்பி எங்க வயலுக்கு உரம்” என்றார். அன்று தலை குனிந்தது எனக்கு நல்லதாயிற்று. கேட்கிறவன் கெட்டுப்போவதில்லை.

6. மழை பொய்த்த வருஷமும் போ. அப்படி ஒரு வருஷம் ஏரி வெடித்துக் கிடந்தது. கூடு கட்ட ஒரு நாரைகூட வரவில்லை. காலடியில் வெளுத்த நத்தை ஓடுகள் நொறுங்கின. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, ஒரு கிழவர் காய்ந்த கரையில் மண் சரிந்த இடத்தை மண்வெட்டியால் அணைத்துக்கொண்டிருந்தார். “வராத வருஷம் கரையைப் பார்த்துக்கிட்டாத்தானே, வர்ற வருஷம் தண்ணி நிக்கும்?” என்றார். அன்று நானும் நாலு கூடை மண் சுமந்தேன். அந்த ஏரிக்கு நான் போன நாட்களில், கையை வீசிக்கொண்டு போகாத நாள் அது ஒன்றுதான் கண்ணு. உனக்கு அப்படி நிறைய நாட்கள் அமையட்டும்.