யோகாசனமும் மூட்டு, தசை, நரம்பு நோய்களும்

சைவ பாடசாலை ஆசிரியர்கள் காலை தொடங்கிப் பாடசாலை விடும்வரையும் பெரும்பாலும் நின்றே கற்பிக்கின்றார்கள். கரும்பலகையில் எழுதுதற்குக் கையை உயர்த்துகின்றார்கள்; இரவிலே மாணாக்கருடைய கொப்பிகளைக் குனிந்திருந்து திருத்துகின்றார்கள். இவ்வாறு இருபது முப்பது வருடம் கழிந்தபின் முழங்காலில் உளைவும், நாரியிற் பிடிப்பும், கழுத்தில் இறுக்கமும், விரல்களில் விறைப்பும் வந்து சேர்தல் பலர்க்கும் அநுபவம். இவற்றிற்கு யோகாசனம் பரிகாரமாகுமோ என ஆசிரியர் பலர் வினாவுகின்றனர். நோய் நின்ற இடத்தை அறிந்து அளவோடு செய்யின் ஆகும். அறியாது செய்யின் அதுவே நோயை வளர்க்கும் என்பது எமது துணிபு. அதனை ஈண்டுச் சுருக்கி விளக்குவாம்.

முதற்கண் ஆசனமாவது யாதெனின், அசைவின்றி நிற்பதும் சுகமாயிருப்பதுமாகிய இருக்கையே ஆசனம் என்பது பதஞ்சலி முனிவர் கருத்து. திருமூலநாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விரித்து, அதன்கண் பங்கயம், பத்திரம், கோமுகம், சுகாதனம் முதலிய ஆசனங்களையும் கூறியருளினார். இவை பிராணனும் மனமும் அடங்குதற்பொருட்டு அமைந்தவை. தேகசுகம் அவற்றின் வழியில் வரும் பயன். ஆதலால், வலியினாலே பல்லைக் கடித்துக்கொண்டு தேகம் நடுங்க நிற்கும் நிலை எதுவும், பெயரளவில் ஆசனமாயினும் இலக்கணத்தால் ஆசனமாகாது.

இதனை மறந்து யாம் பட்ட துன்பம் ஒன்றுண்டு. சில வருடங்களுக்குமுன் எமக்கு நாரியில் எழுந்து வலத்தொடையின் பின்புறமாய்க் குதிக்கால்வரை ஓடும் வலி உண்டாயிற்று. ஆசனம் பழக்குவார் ஒருவர், தசை இறுகியிருக்கின்றது, நன்றாகக் குனிந்து இழுத்தால் விட்டுவிடும் என்றார். அவர் சொற்படியே பச்சிமோத்தானாசனத்தை முயன்று செய்தோம். மூன்றாம் நாள் நடக்கையில் வலக்காற் செருப்புக் கழன்று வீழ்ந்தது. வீழ்ந்ததை யாம் உணர்ந்திலேம். வைத்தியர் சோதித்து, முள்ளந்தண்டின் என்புகளுக்கு இடையிலுள்ள வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகின்றது என்றார். தசையின் நோய் என்று கொண்டது நரம்பின் நோயாயிற்று. இடமறியாது செய்த பயிற்சியின் விளைவு இது. ஆகலின் மூவகை நோயையும் வேறுபிரித்து அறிதல் அவசியம்.

மூட்டு நோய்: என்புகளின் முனையை மூடியுள்ள குருத்தென்பிலே இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் நீரிலிருந்தே அது போஷணை பெறும். மூட்டு அசையுந்தோறும் அந்நீர் அதனுட் புகுந்து வெளிப்படும். ஆதலால் தேய்ந்த முழங்காலை முற்றாய் அசையாது வைத்தல் தவறு. அதனை மடக்கிப் பத்மாசனத்திற் பூட்டுதலும் தவறு. கதிரையில் நிமிர்ந்திருந்து, ஒருகாலை நேரே நீட்டி, பாதவிரல்களைத் தன்பக்கமாக இழுத்து, ஐந்து மூச்சளவு நிறுத்தி இறக்குக. இவ்வாறு மாறிமாறிப் பத்துமுறை செய்யின் தொடையின் முன்தசை வலிபெற்று முழங்காலைத் தாங்கும். மூட்டு வீங்கிச் சூடுகொண்டு சிவந்திருப்பின் அது தேய்வு மாத்திரமன்று. வாதசுரம் முதலிய வேறு நோயாகவும் இருக்கலாம். அக்காலத்து ஆசனத்தை நிறுத்தி வைத்தியரை அடைக. அவர் தந்த மருந்தை ஆசனத்தை நம்பி விடற்க.

தசை நோய்: ஒரே நிலையில் நெடுநேரம் நிற்றலாலும் இருத்தலாலும் தசை களைத்து இறுகும். இதற்கு மெல்லிய நீட்சியும், மூச்சொடு கூடிய அசைவும், இளைப்பாறலும் நன்று. கையையும் முழங்காலையும் ஊன்றி, மூச்சை உள்வாங்கும்போது முதுகைத் தாழ்த்தியும், விடும்போது பூனைபோல உயர்த்தியும் மெல்லச் செய்வது நாரிப்பிடிப்பைத் தளர்த்தும். கரும்பலகையின் முன்னே நின்று களைத்த தோள்களை முன்னும் பின்னும் சுழற்றுதற்கு ஒரு பாடம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியே போதும். இறுதியிற் சவாசனத்திலே பத்து நிமிஷம் கிடத்தலைப் பலர் வீண்பொழுது என விடுகின்றனர். இறுகிய தசை தன் இறுக்கத்தை அறிந்து விடுவது அப்பொழுதே.

நரம்பு நோய்: இதிலே பெரிதும் எச்சரிக்கை வேண்டும். அழுத்தப்பட்ட நரம்பை இழுத்தல் புண்ணை இழுத்தலை ஒக்கும். எமக்கு வந்ததுபோன்ற கால்நரம்பு வலியிலே முன்வளைதல் வட்டின்மேல் அழுத்தத்தை மிகுவிக்கும். குப்புறக் கிடந்து முழங்கையை ஊன்றி மார்பைச் சிறிது உயர்த்தும் அரைப் புயங்காசனம் பலர்க்கு இதஞ்செய்யும். எமக்கும் வைத்தியர் அநுமதியோடு செய்த அதுவே சில மாதங்களிற் காலைத் திருப்பித் தந்தது. இங்கே ஓர் அடையாளம் நினைவிற்கொள்க: வலி காலைவிட்டு நாரியை நோக்கி ஒடுங்குமாயின் பயிற்சி நன்று, நாரியைவிட்டுக் காலை நோக்கி இறங்குமாயின் உடனே நிறுத்துக. நீரிழிவினாற் பாதம் விறைத்தவர் அந்நோயை முன்னர் அடக்குவாராக; நின்று செய்யும் பயிற்சிகளைச் சுவரைப் பற்றிக்கொண்டே செய்வாராக.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் கூறுவதும் இதனோடு முரணாது. மணிக்கட்டிலே நரம்பு நெருக்குண்டு விரல் விறைக்கும் நோயுடையார் 42 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, எட்டுவாரம் ஆசனம் பயின்றவர்க்குக் கைப்பிடி வலுத்து நோவு குறைந்தமை கண்டனர். 2017இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட நாரிநோவுக்கு மருந்தின்முன் செய்யத்தக்கவற்றுள் யோகத்தையும் ஒன்றாக வைத்தது. ஆயினும் 2022இல் பல ஆராய்ச்சிகளை ஒருங்கு நோக்கியோர், நாரிநோவில் யோகத்தால் வரும் பயன் சிறிது என்றும், நாரிக்குரிய பிற தேகாப்பியாசத்தினும் அது பெரிதும் மேம்பட்டதன்று என்றும் துணிந்தனர். நம்முடையது என்னும் அபிமானத்தால் நாம் இதனை மறைத்தல் தகாது. உண்மையைக் குறைவாகவேனும் சரியாகச் சொல்லுதலே ஆசிரியர் தருமம்.

தீங்கும் கூறப்பட்டுளது. வச்சிராசனத்திலே பலமணிநேரம் இருந்தமையால் முழங்காற் புறத்து நரம்பு நெருக்குண்டு, பாதத்தை உயர்த்தமாட்டாது தளர்ந்த ஒருவரைப்பற்றி 1971இல் அமெரிக்க வைத்திய பத்திரிகை ஒன்று வெளியிட்டது. கழுத்துநோவு, இரத்த அழுத்தம், கண்ணில் நீரழுத்தம் உடையார் சிரசாசனத்தை அறவே ஒழிக. கால் திடீரெனத் தளர்தல், மலசலம் அடக்கமாட்டாமை, இருக்குமிடம் விறைத்தல், விழுந்தபின் எழுந்த நோவு, காய்ச்சலோடு கூடிய மூட்டுவீக்கம் என்னும் இவை தோன்றின் பாயை விரியாது ஆசுபத்திரிக்கு விரைக.

மாணாக்கரைப் பழக்கும் ஆசிரியர்க்கு ஒன்று கூறி முடிப்பாம். பரிசளிப்பு விழாவிலே சபையோர் வியக்கவேண்டும் என்று பிள்ளைகளின் கழுத்தையும் முதுகையும் மட்டின்றி வளைப்பித்தல் நன்றன்று. வகுப்பிலே கூரிய மாணாக்கனுக்கும் மந்தனுக்கும் ஒரே கணக்கை ஒரே வேகத்திற் கற்பியாமல், அவரவர் கொள்ளும் அளவறிந்து கற்பிக்கின்றோம். நம் முழங்காலும் முதுகும் அவ்வாறே நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட மாணாக்கர் என்று கொள்ளுக. வருத்தினால் அவை கற்கமாட்டா. பொறுமையோடு நாடோறும் சிறிது சிறிதாகப் பழக்கினால், முதுமையிலும் நம்மைத் தாங்கிக் கோயில் வீதியை வலம்வரச் செய்யும்.

திருவருள் துணைநிற்க.