கால் பழகிய மலை

அன்புத் தம்பிக்கு,

வாஷிங்டன் மலையில் உள்ள டக்கர்மன் பள்ளத்தாக்கின் தலைச்சுவரில் வரும் வசந்தத்திலேயே இறங்கிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். லிஃப்ட் போகும் மலைகளில் இரட்டைக் கறுப்பு வைரக்குறி போட்ட தடங்களை எல்லாம் முடித்தாகிவிட்டது, மிச்சம் அது ஒன்றுதான் என்கிறாய். உன் ஆசைக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனமில்லை. உன் வயதில் எனக்கும் அதே வெறிதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க, நியூ இங்கிலாந்தில் மூடிக் கிடக்கும் பழைய பனிச்சறுக்கு மலைகளில் நடந்து ஏறி இறங்கிவிட்டு வா.

லிஃப்டில் போகிறவனுக்கு மலையில் பாதிதான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் உச்சி. இரவோடு இரவாக இயந்திரம் ஓட்டிப் பனியைச் சமன்படுத்தி வைத்திருக்கிறார்கள். பாறை தெரிகிற இடத்தில் கம்பு நட்டிருக்கிறார்கள். ஆபத்தான தடத்தைக் காவல் குழு கயிறு கட்டி அடைத்துவிடுகிறது. நீ எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பகுதியை வேறு யாரோ எடுத்து முடித்த பிறகுதான் நீ ஸ்கீயை மாட்டுகிறாய். டக்கர்மனில் லிஃப்ட் கிடையாது. அடிவாரத்தில் உள்ள பிங்கம் நாட்சிலிருந்து ஸ்கீயைச் சுமந்துகொண்டு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஏறினால் ஹெர்மிட் ஏரி. அதற்கும் மேலே பள்ளத்தாக்கின் கிண்ணம். அங்கிருந்து பூட்ஸ் நுனியால் பனியை உதைத்து உதைத்துப் படி வைத்து ஏற வேண்டும். தலைச்சுவர் 45 முதல் 55 டிகிரி வரை நிற்கிறது. அங்கே நிமிர்ந்து நின்றாலே முழங்கை பனியில் உரசும்.

டோனி மாட் கதையை நீயும் எழுதியிருந்தாய். 1939 ஏப்ரலில் நடந்த இன்ஃபெர்னோ பந்தயம். ஆஸ்திரியாவிலிருந்து வந்த 19 வயதுப் பையன். தலைச்சுவரின் விளிம்புக்கு மேலே சில திருப்பங்கள் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தவர், எங்கே இருக்கிறோம் என்று உணர்வதற்குள் அதைத் தாண்டிவிட்டார். பிறகு திருப்பமே இல்லை, நேர் இறக்கம். வாஷிங்டன் மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை 6 நிமிடம் 29.2 விநாடி. 1934-இல் டிக் டுரன்ஸ் வைத்த சாதனையில் ஏறக்குறைய பாதி நேரம்! அந்தக் கதையில் எல்லாரும் அந்த நேர் இறக்கத்தையே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தப் பந்தயத்தில் ஓடிய ஒவ்வொருவரும் உச்சிவரை தன் காலால் ஏறிப்போய்த்தான் புறப்பட்டார். எந்த இடத்தில் பனி இறுகியிருக்கிறது, எங்கே பாறை தலைகாட்டுகிறது என்று கால் முதலில் படித்துக்கொண்டது. அப்படிப் படித்தும் மாட் தவறினார். பிழைத்தது அதிர்ஷ்டம் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படிப்பைச் சொல்லித்தரும் பள்ளிக்கூடங்கள்தான் கைவிடப்பட்ட மலைகள். 1934 ஜனவரியில் வெர்மான்ட்டின் உட்ஸ்டாக்கில், ஒரு பண்ணையின் மேய்ச்சல் சரிவில், மாடல்-டி ஃபோர்டு காரின் எஞ்சினைக் கொண்டு கயிற்றை ஓட்டி ஆட்களை மேலே இழுத்தார்கள். அமெரிக்காவின் முதல் கயிறு இழுவை அதுவே. அதைப் பார்த்து ஊர் ஊராகக் கயிறு கட்டினார்கள்: பண்ணைக்காரர்கள், பள்ளிகள், உள்ளூர்ச் சங்கங்கள். நியூ இங்கிலாந்தில் மட்டும் அப்படித் தொடங்கி மூடிப்போன மலைகள் 600-க்கும் மேல். எண்ணெய் விலை ஏறியது, பனியில்லாத குளிர்காலங்கள் வந்தன, செயற்கைப் பனி இயந்திரம் வாங்கச் சின்ன மலைகளிடம் பணமில்லை. ஸ்ட்ராட்டன் மலையின் தொடக்கநிலைத் தடத்தில் ஒரு புதர் தட்டி விழுந்து முடமான இளைஞருக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 1978-இல் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்குப் பிறகு காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. அந்த இளைஞர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவருக்குக் கிடைத்தது நியாயம். ஆனாலும், ஒரு ஊரின் குழந்தைகள் பள்ளிவிட்டதும் ஓடிப்போய்ச் சறுக்கிய மலை மூடியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எல்லா மலையும் செத்துவிடவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் மிட்டர்சில் 1984-இல் மூடியது. பக்கத்து கேனன் மலையிலிருந்து நடந்து கடந்துபோய், வளர்ந்துவரும் மரங்களுக்கு நடுவே ஆட்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே சறுக்கிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் மறுபடி நாற்காலி லிஃப்ட் ஓடியது. வெர்மான்ட்டின் அஸ்கட்னி 2010-இல் மூடியது. இன்று ஊர்த் தன்னார்வலர்கள் அங்கே கயிறு இழுவை ஓட்டுகிறார்கள்.

பழைய தடத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. காட்டுக்குள் ஒரு நேர்வரிசையில் மட்டும் மரங்கள் எல்லாம் ஒரே வயதில், மெலிந்த பிர்ச்சாக நிற்கும். தொடர்ந்து ஏறினால் லிஃப்ட் தூண் ஒன்று, கொஞ்சம் சாய்ந்து. உச்சியில் கூரை இறங்கிய குடிசை. உள்ளே துருவேறிய எஞ்சின், அதன் கப்பியில் இன்னும் சுற்றியிருக்கும் நைந்த கயிறு. பார்த்துப் போ. மேய்ச்சல் நிலமாக இருந்த காலத்து முள்கம்பியும் கல்வேலியும் பனிக்கடியில் கிடக்கும். கழற்றிப்போட்ட இரும்பு வடம் ஒரு சாண் பனிக்குக் கீழே ஸ்கீயைக் கவ்வக் காத்திருக்கும். நிலத்துக்காரரிடம் கேட்காமல் கால் வைக்காதே. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அங்கே உனக்கு முதலில் கிடைப்பது இடநெருக்கடி. இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே திருப்பத்தை முடித்தே ஆக வேண்டும். செங்குத்துச் சரிவின் கலை முழுவதும் அந்த முடிப்பில்தான் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே நில். கீழ்ப்பக்க ஸ்கீயின் விளிம்பு பனியைக் கடித்திருக்கட்டும். உடம்பு மலையைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும், விடாதே. மலைப்பக்கம் சாய்ந்த நொடியே விளிம்பின் பிடி போய்விடும். தோள் இரண்டும் பள்ளத்தைப் பார்க்க, கையை நீட்டி ஊன்றுகோலைப் பூட்ஸுக்குக் கீழே குத்து. அந்தக் கோலின் மேல் எடையைக் கொடுத்து எழும்பு. இரண்டு ஸ்கீயும் காற்றில் சுழன்று மறுபக்கம் குறுக்காக இறங்கட்டும். இறங்கியதும் முழுசாக நில். வேகம் செத்துவிட்டதா என்று பார். அதன் பிறகே அடுத்தது. முடிக்காத திருப்பத்தின் மிச்ச வேகம் அடுத்த திருப்பத்தில் சேரும், அது அதற்கடுத்ததில். மூன்றாவதில் நீ ஓட்டுவதில்லை, மலை ஓட்டுகிறது.

பனிச்சரிவு பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது என்னை உறுத்துகிறது. பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சரிவில் கிளம்புகின்றன. நாம் ஆசைப்படுவதும் அதே சரிவுகள்தான். வாஷிங்டன் உச்சி, 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று பதிவான இடம். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உச்சிப்பனியை வாரி டக்கர்மனுக்குள் கொட்டும். வானம் தெளிந்திருக்கும், புதுப்பனியே விழுந்திருக்காது, பள்ளத்தில் மட்டும் பாரம் ஏறியிருக்கும். காலையில் எழுந்ததும் வாஷிங்டன் மலைப் பனிச்சரிவு மையத்தின் அறிக்கையைப் படி. சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவும் கம்பி மூன்றும் உன்னோடு வருகிற ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு 15 நிமிடத்துக்குப் பின் மளமளவென்று சரிகிறது. உதவி கேட்டு ஆள் அனுப்ப அங்கே நேரமில்லை, தோண்டுகிறவர் பக்கத்தில் நிற்கும் நண்பர்தான்.

வசந்தத்தில் வேறு கணக்கு. இரவில் உறைந்த பனி காலையில் கண்ணாடி. வெயில் அதை இளக்கும்வரை கீழேயே காத்திரு. லஞ்ச் ராக்ஸ் பாறைகளில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்; மேலே சுவரிலிருந்து பெயரும் பனிக்கட்டி அந்தப் பக்கம்தான் உருண்டு வரும். நீ அங்கே உட்காராதே. ஏறும்போது கால் முழங்கால்வரை புதைந்தாலோ, அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலோ அந்த வழியில் இறங்காதே, வேறு வழி பார். அன்றைக்கு வழியே இல்லையென்றால் ஏறின படியிலேயே இறங்கி வா. அப்படித் திரும்பி வருகிறவர்களை நான் மதிக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கயிற்று மலை இருக்கிறது. நிலத்துக்காரரிடம் பேசியாகிவிட்டது, இளஞ்செடிகளை மட்டும் வெட்டிக்கொள்ளச் சம்மதித்தார். அக்டோபரில் இலை உதிர்ந்ததும் வா. கைரம்பம் என்னிடம் இருக்கிறது. நீ தடித்த கையுறையும் கம்பி வெட்டும் குறடும் கொண்டு வா. முள்கம்பி ஓடும் இடங்களில் துணி கட்டி அடையாளம் வைப்போம். டிசம்பரில் பனி பிடித்ததும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்